பதினொன்றாம் விளக்கு

மீனா அப்துல்லா கேம்ப்.
மதில் சுற்றிப் பதினான்கு விளக்குகள்,
ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கண்.
பில்லில் அதற்குப் பெயர் போட்டோசெல்.
ஹேம்ராஜ் 'உல்லு' என்பான்.
ஆந்தை என்று அர்த்தமாம், மடையன் என்றும்.

மூன்று ஒயர்தான்.
கறுப்பில் வரும், சிவப்பில் போகும்,
வெள்ளை இரண்டுக்கும் பொது.
முகம் வடக்கே பார்க்க வேண்டும்.
தன் விளக்கையே தான் பார்க்கும்படி வைத்தால் போச்சு.
எரிந்ததும் விடிந்ததென்று நினைத்து அணையும்,
அணைந்ததும் இருட்டென்று பதறி எரியும்.
முதல் மாதம் நான் அப்படி ஒன்றை மாட்டினேன்.
பெங்காலிகள் டிஸ்கோ என்று
அதன் கீழே நின்று ஆடினார்களாம்.

சோதிக்க இருட்டும்வரை நிற்க வேண்டாம்.
கறுப்பு டேப்பால் கண்ணை மூடு,
நூறு வரை எண்ணு.
உடனே எரியாது.
ஒரு லாரியின் ஹெட்லைட்டுக்கு விடிந்துவிடாமல்
ஒரு புறாவின் நிழலுக்கு இருட்டிவிடாமல்
உள்ளே வைத்திருக்கும் தயக்கம் அது.
மனிதர்களிடம் அதை அதிகம் பார்த்ததில்லை.

நான் தங்குவது ஃபஹாஹீலில்.
ஐந்து மணிக்கு பஸ்.
எட்டு வருஷமாக ராத்திரி விளக்கு மாட்டுகிறவன்
அவை எரிந்து பார்த்ததில்லை.
எரியாததை மட்டும் காலையில் எழுதி வைத்திருப்பார்கள்.

பிப்ரவரி முழுக்க ஒரே வரி:
பதினொன்று எரியவில்லை.
ஏணி போட்டேன், கண்ணை மூடினேன்,
எழுபதில் எரிந்தது.
மறுநாள் காலை: பதினொன்று எரியவில்லை.
நல்ல செல்லைக் கழற்றி நல்ல செல் மாட்டினேன்.
மார்ச்சில் இன்னொரு முறை.
வர்கீஸ் என் கணக்கில் எழுதிக்கொண்டார்.

மே மாதம், பிற்பகல் மூன்று மணி,
பாலைவனம் எழுந்து வந்தது.
வானம் செங்கல்,
பல்லிடுக்கில் மணல்,
ஹேம்ராஜ் துண்டால் முகம் கட்டி
பூலோகம் முடிந்துபோன மாதிரி உட்கார்ந்திருந்தான்.
எனக்கு எண்ணத்தான் தோன்றியது.
ஐம்பதில் நாலாம் விளக்கு. அறுபதில் ஒன்று, ஒன்பது.
பிறகு எல்லாம் சேர்ந்தாற்போல.
பதிமூன்று.

பதினொன்றாம் கம்பத்தின் நேரெதிரே
ஒன்பதாம் அறையின் பாத்ரூம் வென்டிலேட்டர்.
அதன் சட்டங்களுக்கு உள்ளே
கண்ணைக் குறிபார்த்தபடி
சின்னதாக வெள்ளையாக ஒரு யுஎஸ்பி பல்பு.
எத்தனை பகல் எரிந்திருக்கிறதோ.
வெயில் அதைக் காட்டிக்கொடுக்கவேயில்லை.

கதவைத் திறந்தவர் ஷெஹாத்தா,
மின்யாக்காரர், ரொட்டிக்கடை.
கையெல்லாம் சோப்பு நுரை.
ராத்திரி இரண்டுக்கு மாவு பிசைய நிற்கவேண்டும்,
ஏழுக்குப் படுத்தால்தான் உண்டு.
மேல்கட்டில்.
ஜன்னலில் அட்டை வைத்தாராம்,
இன்ஸ்பெக்‌ஷனில் கிழித்துப் போட்டார்களாம்.
வெளிச்சம் விழும் இடத்தைத் தலையணையில் தட்டிக் காட்டி
"நௌம் மாஃபி" என்றார்.
எங்களுக்கு இடையே இருந்த அரபி அவ்வளவுதான்,
அதுவே போதுமாக இருந்தது.

எமல்ஷன் பெயின்ட் டின் ஒன்றைப் பாதியாக வெட்டினேன்.
ஓரத்தை உள்ளே மடித்தேன், கையைக் கிழிக்காமலிருக்க.
விளக்கின் இடப்பக்கம் இரண்டு போல்ட்.
மதிலுக்கு உண்டு, கேமராவுக்கு உண்டு,
மேல்கட்டிலுக்கு இல்லை.
ஷெஹாத்தா பல்பைப் பிடுங்கி
சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்,
கொஞ்சம் சந்தேகத்தோடுதான்.

புழுதி அடங்க ஆறு ஆயிற்று. பஸ் வரவில்லை.
விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்து
இரண்டாம் முறை மாலை வந்தது, நிஜமானது.
மதிலோரம் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தேன்.
பதிமூன்றும் வந்துவிட்டன.
வர்கீஸ் போனில் கேட்டது ஒன்றுதான்:
பெயின்ட் டின் யார் ஸ்டோரிலிருந்து?
நூற்றுப் பத்து, நூற்றுப் பதினொன்று என்று
எண்ணிக்கொண்டிருந்தேன்,
இருங்கள் என்றேன்.