புகைபோக்கி

இயூ பெத்தூண் என்று நான்தான் எழுதினேன்
கச்சேரிப் பேரேட்டில்.
அவர் வாயில் அது வேறு மாதிரி ஒலிக்கும்.
என் எழுத்தில் ஒரு தூண் வந்து நின்றுகொண்டது.
கட்டுகிற மனிதர், நிற்கட்டும் என்று விட்டேன்.

ஸ்கொத்லாந்து. கருங்கல் தேசம்.
அப்பன் கொத்தன், பாலம் கட்டியவன்;
ஒரு மாரியில் பாலம் போக
பின்னாலே அப்பனும் போனான் என்று
ஒருநாள் சாராயத்தோடு சொன்னார்.
மறுநாள், அப்படிச் சொல்லவேயில்லை என்றார்.

வந்த புதிதில் முருகைக்கல்லைத் தட்டிப் பிளந்து
உள்ளே சிப்பியைக் கண்டு
மீனையா அடுக்கச் சொல்கிறீர்கள் என்று கத்தினார்.
கயித்தான் ஒன்றும் பேசவில்லை.
சுண்ணாம்பில் பனங்கட்டி கரைத்து ஊற்றினான்.
மூன்றாம் மாதம் அதே சுவரில்
துரையின் உளி முறிந்தது.
உளி ஒன்று, இரண்டு பணம். எழுதினேன்.

மதகு, தீர்வைக் கிட்டங்கி,
கோட்டைக்குள் ஒரு படிக்கட்டு,
எல்லாம் அரசாங்கத்துச் செலவு.
சொந்த இறைசாலில் ஒன்றே ஒன்று:
சுண்டிக்குளியில் வீடு, துரைசானி வருவாளென்று.
நடு அறைச் சுவரில்
ஆள் குந்தியிருக்கும் அளவுக்கு ஒரு மாடம்,
மேலே கூரையைத் துளைத்துப் போகும் குழல்.
எந்தச் சாமிக்கு என்றான் கயித்தான்.
நெருப்புக்கு என்றேன்.
சித்திரை வெயிலில் நின்று
நாங்கள் சிரித்து முடிப்பதற்குள்
குழைத்த சாந்து இறுகிவிட்டது.

கப்பல்கள் வந்தன.
கடிதம் ஒன்று வந்தது.
துரைசானி வரவில்லை.
குழலில் மைனா கூடு வைத்தது.
கலைக்க வேண்டாம் என்றார்.

மார்கழியில் அவருக்குக் குளிர்காய்ச்சல்.
ஐந்து போர்வைக்கும் அடங்காமல் கட்டில் ஆடிற்று.
பல்லிடுக்கால் ஒரே சொல்: மூட்டு.
கயித்தான் கம்பால் பழங்கூட்டைத் தள்ளினான்;
அதுவே முதல் சுள்ளி.
பிறகு ஊமல், கொக்கறை.
புகை ஒரு கணம் தயங்கி அறையைப் பார்த்தது,
அப்புறம் பட்டி தெரிந்த மாடுபோல
நேரே மேலே ஏறிப் போயிற்று.
துரை தலையைத் தூக்கி
அதையே பார்த்துக்கொண்டிருந்தார்,
கூட்டல் சரிவந்த முகத்தோடு.
குளிர் காய்ந்தார்.
காய்ச்சல் விடவில்லை.

விடியலில் கதவைத் திறந்தேன்.
தெரு நிறையச் சனம்,
கூரை பற்றிவிட்டதென்று குடங்களோடு.
என் முகத்தைப் பார்த்தபின்
ஒருவரும் தண்ணீரைக் கொட்டவுமில்லை,
கொண்டு திரும்பவுமில்லை.

ஊமல் இரண்டு கடகம், கொக்கறை ஒரு கட்டு.
யார் பற்றில் எழுதுவது?
அந்த வரியை மட்டும்
இன்னும் நிரப்பாமல் வைத்திருக்கிறேன்.