காலி செய்த நேரம்

லாட்ஜ் ரெஜிஸ்டரில் ஒன்பது கட்டங்கள்.
பெயர், ஊர், வந்த வண்டி, எத்தனை பேர்.
எதற்காக என்ற கட்டத்தில்
எல்லோருக்கும் ஒரே சொல்: வைத்தியம்.

காந்தி ரோட்டில், இந்த மேஜைக்குப் பின்னால்,
இரவு ஷிப்டில் ஒரு நாவல் எழுதுகிறேன்.
நாற்பது பக்கம் தாண்டிவிட்டது.
இன்னும் ஒன்றுமே நடக்கவில்லை.

மிட்னாபூரிலிருந்து பிஸ்வநாத் மைத்தி, உடன் மனைவி.
அறை இருநூற்று ஏழு.
ஸ்டவ், குக்கர், இரண்டு தட்டு வாடகைக்கு,
முன்பணம் ஐந்நூறு.
திரும்பும் டிக்கெட்டை முதல் நாளே காட்டினார்:
பதினெட்டாம் தேதி, காட்பாடி, ராத்திரி வண்டி.
முடிவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்த மனிதர்.
எனக்குப் பொறாமையாக இருந்தது.

பதினொன்றில் ஸ்கேன்.
பதின்மூன்றில் கடுகெண்ணெய் வாசனை நின்றது.
பதினான்கில் அந்தம்மா மட்டும் படியேறினாள்,
கையில் அவருடைய செருப்பு.

செருப்பு!
நாற்பது பக்கமாக நான் தேடிய ஆணி.
இதுவரை வரிசையில் சும்மா நின்ற தேதிகள்
ஒன்றின் சட்டையை ஒன்று பிடித்து இழுத்தன.
விடியும்வரை எழுதினேன்.
மூன்றாம் அத்தியாயத்தில் அவரை இருமவைத்தேன்,
ஐந்தில் கொன்றேன்.
டிக்கெட்டை அவள் கிழிப்பதாக எழுதி, அடித்து,
மடித்து முந்தானையில் முடிவதாக மாற்றினேன்.
நன்றாக வந்தது.

பதினாறாம் தேதி மத்தியானம்
வெறுங்காலோடு ஆட்டோவிலிருந்து இறங்கினார் மைத்தி,
பாலிதீன் பையில் முக்கால் கிலோ கட்லாவோடு.
வார்டில் செருப்பு திருடு போகுமாம்,
கொடுத்தனுப்பினாராம்.
"கல்தான் சார், சின்னக் கல்" என்று
விரல் நுனியைக் காட்டிச் சிரித்தார்.

நானும் சிரித்தேன்.
உள்ளே ஏதோ சப்பென்று போனது.
அது என்னவென்று எனக்குத் தெரியும்.
பத்தாவதாக ஒரு கட்டம் இருந்தாலும்
அதில் எழுதமாட்டேன்.

பதினெட்டாம் தேதி பாத்திரங்களை எண்ணி வாங்கினேன்.
குக்கர் விசிலைக் காணோம்.
அந்தம்மா கட்டிலுக்கடியில் தேடினாள்,
மூட்டையைப் பிரித்தாள், மறுபடி கட்டினாள்.
வண்டிக்கு நேரமாகிறது, போங்கள் என்றேன்.
ஐந்நூறையும் முழுசாகக் கொடுத்தேன்.
அபராதம்தான், ஆனால் யாருடையது என்று
அவர்கள் கேட்கவில்லை.

ஐந்தாம் அத்தியாயத்தை இன்னும் கிழிக்கவில்லை.

இருநூற்று ஏழில் இப்போது திரிபுராக்காரர்கள்.
விசில் இல்லை என்று சொல்லித்தான் கொடுத்தேன்,
தலையாட்டி வாங்கிப் போனார்கள்.
கதவிடுக்கில்
சத்தமில்லாமல் ஆவி வந்துகொண்டிருக்கிறது.
சோறு எப்போது வெந்ததென்று
எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்களோ.