உட்கார்ந்தது கணக்கில்லை

இதல்கஸ்ஹின்ன ஸ்டேஷனைத் தாண்டி
சுரங்கத்துக்கு முந்தின சரிவில்
காட்டெருக்குக் காய் வெடித்திருக்கிறது.
பஞ்சை விலக்கினால் முட்டைகள்.
முதல் நாள் வெளிர் மஞ்சள்,
நாலாம் நாள் பழமிளகாய்.

இரேஷா மிஸ் என்னைவிட ஒன்பது வயது சின்னவள்.
போனில், தனக்குத் தெரிந்த தமிழில்,
ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்:
பூச்சி உட்கார்ந்த செடியெல்லாம் எழுத வேணாம் அக்கா.
முட்டை வேணும். குஞ்சு வேணும்.
அஞ்சு சட்டையும் அங்கேயே கழட்டியிருக்க வேணும்.
அப்பதான் அது அதோட செடி.

ஆகவே பதிவேட்டில் நிறைய அடித்தல்.
தேயிலைத் தளிரில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது, அடித்தேன்.
மானாப்புல்லுக்கு அதைக் காற்று கொண்டுவந்தது, அடித்தேன்.
என் குடைக்காம்பில் ஒரு பகல் முழுக்க இருந்ததை
எழுதவேயில்லை.

வீட்டில், அடுப்புக்கு மேல் பலகையில்,
பதினோரு யோகட் கோப்பை.
ஈரத்திரி, பத்து விதை, வாயில் வலைத்துணி.
கொசுவலையைக் கிழித்தது யாரென்று
அல்போன்ஸ் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

குஞ்சு விதையைக் கடிப்பதில்லை.
வயிற்றோடு மடித்த ஊசியை நிமிர்த்தி இறக்கி
எச்சிலை உள்ளே விட்டு
பருப்பைக் கூழாக்கிக் குடிக்கிறது.
வெளியே தோலும் நிறமும் அப்படியே.
விதைத்துப் பார்த்தால்தான் தெரியும்.
எங்கள் சம்பளச் சீட்டும்
பார்க்க முழுசாகத்தான் இருக்கும்.

மிஸ்ஸின் கணக்கில் முப்பது நாள்.
இங்கே ஆடி மூட்டத்தில் ஐம்பத்திரண்டு.
மூன்றாம் சட்டையோடு நின்றுவிடும்.
செத்ததென்று கோப்பையைத் தட்டப் போவேன்,
ஒரு கால் அசையும்.

வளர்ந்தபின் வாலோடு வால் கோத்து
இரண்டும் எதிரெதிர்த் திசை பார்க்கின்றன.
அவள் கனம் கூடியவள். அவள் நடந்தால்
அவன் பின்பக்கமாகவே போகிறான்,
போகிற இடம் தெரியாமல்.

கீழே வெல்லவாயப் பக்கம் இதே பூச்சிக்கு
உடம்பைத் தாண்டிய இறக்கையாம்.
மேலே வர வர அது குட்டை.
இந்த மேட்டுக் காற்றில் எழும்பியது
எங்கே போய் விழுந்ததோ.
பிடித்துக்கொண்டு நின்றதுதான் பெற்றது,
நின்றதன் பிள்ளைக்கு அரை இறக்கை.

ஆவணி பிறந்த கிழமை
ரயில்வே ஆட்கள் சரிவைச் சிரைத்துவிட்டார்கள்.
பதுளை ரயிலுக்குப் பின்னால்
பஞ்சு கொஞ்ச தூரம் ஓடியது.

பதினாறாம் நாள்
லயத்துக் கக்கூஸ் சுவரில் ஏறின
பேர் தெரியாத கொடியின் காய்க்குள்
அதே மிளகாய் நிறம்.
டோர்ச் அடித்துத் தேடுகிறேன்.
முதல் சட்டை, கடுகுத் தோல் அளவு.
இரண்டாவது.
மூன்றாவது, ஒரு கால் குறைய.
நாலாவதில் இறக்கையின் மொட்டு.

ஐந்தாவதைக் காணவில்லை.

தாளின் அடியில் சேகரித்தவர் முகவரி கேட்கிறது.
மேற்கணக்கு, நாலாம் லயம் என்று எழுதி
வீட்டு இலக்கத்துக்குக் கோடு போடுகிறேன்.
கொடியின் கட்டத்தில் மட்டும் பென்சில்.
அல்போன்ஸிடம் சொல்லிவைத்திருக்கிறேன்,
அந்தச் சுவர்ப் பக்கம்
கத்தியைக் கொண்டுபோக வேண்டாமென்று.