அஞ்சலாட்சியின் வினைமுற்றுகள்

மஞ்சக்குப்பம், கலெக்டர் ஆபீஸ் பின்சுவர்.
டீக்கடைக்கும் நோட்டரிக்கும் நடுவே என் கடை.
டைப்பிங், ஜெராக்ஸ், பான் கார்டு, ரெஸ்யூம்.
ரெஸ்யூம் நாற்பது ரூபாய்,
திருத்தம் ஒவ்வொன்றுக்கும் ஐந்து.

அஞ்சலாட்சி கொண்டுவந்த பழைய பயோடேட்டாவில்
தகப்பனார் பெயர், மதம், ரத்த வகை,
உயரம், எடை, பொழுதுபோக்கு பாட்டுக் கேட்பது,
மேற்கண்டவை யாவும் உண்மை என்று அடியில் ஓர் உறுதிமொழி.
சோப்பு கம்பெனியில் ஆறு வருஷம் நின்றது மட்டும்
ஒரே சொல்: பேக்கிங்.

ரத்த வகையிலிருந்து அழிக்கத் தொடங்கினேன்.
"ஒரு நாளைக்கு எத்தனை பெட்டி?"
"எண்ணூறு. மழை மாசத்துல அட்டை நமுத்துப் போவும் சார்,
அப்ப அறுநூறுதான். அப்புறம் அதுவும் எண்ணூறு ஆயிடுச்சு."
"எப்படி?"
"முந்தின நாள் ராத்திரியே பாய்லர் பக்கத்துல
அட்டைய அடுக்கி வச்சிட்டோம்."
"யார் சொல்லி?"
மின்விசிறியை அண்ணாந்து பார்த்தாள்.
"யாரும் சொல்லல. செஞ்சோம்."

அதை எழுதினேன். எண்ணூறை எண்ணிலேயே எழுதினேன்.
நடுவில் இரண்டு வருஷம் காணோமே என்றேன்.
சும்மா இருந்தோம் என்றாள்.
சும்மா என்பது
அண்ணன் படகின் டீசல் கணக்கு, ஐஸ் கணக்கு,
முதுநகர் துறைமுகத்தில் விடியுமுன் ஏலம்,
யார் எவ்வளவு பாக்கி என்பதை
நோட்டில்லாமல் மனசில் வைத்திருப்பது.
சும்மா மூன்று வரி பிடித்தது.
ஆனாலும் பக்கம் ஒன்றுதான். இரண்டாவதை யாரும் புரட்டுவதில்லை.

சூப்பர்வைசர் வேலை. சேதராப்பட்டு. திங்கள் பத்து மணி.
ஜெராக்ஸ் மெஷினுக்கு அந்தப் பக்கம் நான் மேனேஜர்.
"உங்களைப் பத்திச் சொல்லுங்க."
"எங்க ஊரு தேவனாம்பட்டினம். எங்க அப்பா..."
"உங்களை."
"எங்க லைன்ல நாங்க அஞ்சு பேரு சார்..."
"உங்களை, அஞ்சலாட்சி."

பார்த்தோம், தூக்கினோம், சரிபண்ணினோம்.
அவள் வாயில் எந்த வினையும் ஓம் இல்லாமல் முடியவில்லை.
ஏன் போட்டுப் பேசுங்கள், பார்த்தேன், தூக்கினேன்,
அங்கே இருப்பது ஒரு நாற்காலி என்றேன்.
"செஞ்சேன்," என்றாள்,
யார் செருப்பையோ மாட்டிக்கொண்டு நடப்பவள்போல.

இருபது வருஷமாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன் இந்த எழுத்துகளை.
நம் மொழியில் ஒருவர் தனியாகச் செய்தது எதுவும்
ஏன் என்று கேட்டுத்தான் முடிகிறது என்பது
அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

செவ்வாய் மாலை வந்தாள்.
"ரெட்டிச்சாவடியிலேர்ந்து முள்ளோடை வரைக்கும்
செஞ்சேன் செஞ்சேன்னு சொல்லிக்கிட்டே போனேன்.
பக்கத்து சீட்டு அம்மா எழுந்து முன்னாடி போயிட்டாங்க."
"இன்டர்வியூ?"
"கூப்பிடுறோம்னாங்க.
அவங்களும் ஓம்தான் போடறாங்க சார்."

சிரித்து முடித்த பிறகும் போகவில்லை.
வியாழக்கிழமை தட்டாஞ்சாவடியில் இன்னொரு கம்பெனியாம்.
"அந்த அட்டை விஷயம்.
அத யோசிச்சது அமலோற்பவம். அடுக்குனது நான்.
மாத்திடுங்க."

அதுதான் உங்களுக்கு இருப்பதிலேயே நல்ல வரி என்றேன்.
நேற்று அதைத்தான் கேட்டார்களாம்,
நான்தான் என்று சொன்னாளாம்,
தலையாட்டி எழுதிக்கொண்டார்களாம்.
மேசையில் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்தாள்.

ரெஸ்யூமில் இன்னொருத்தி பெயருக்கு இடம் கிடையாது.
சக ஊழியருடன் சேர்ந்து என்று ஆங்கிலத்தில் மாற்றினேன்.
வரி நீண்டது. கடைசி வரி
அடுத்த பக்கத்துக்குப் போய்த் தனியாக நின்றது.

எல்லா எழுத்தையும் அரைப் புள்ளி சிறிதாக்கினேன்.
ஏறிக்கொண்டது.
நாணயத்தை எடுத்து டிராயரில் போட்டேன்.