எழுத மட்டும் அனுமதி

வால்டிவியாவில் ஜூன் மாதம்.
ஏணியின் நான்காம் படியில் நான்,
பல்லிடுக்கில் இரண்டு திருகாணி,
கழுத்து வழியே இறங்கும் சிலேயின் குளிர்காலம்.
எனக்குக் குடை பிடிப்பதாக நினைத்துக்கொண்டு
ஏணிக்குப் பிடித்திருந்தார் நிபால்டோ ஒயார்சூன்.

கொட்டகையில் விறகு குறைகிறது.
வாரத்துக்குப் பத்து, பன்னிரண்டு கட்டை.
கதவின் உட்புறத்தில்
சுண்ணக்கட்டியால் எழுதி வைத்திருக்கிறார்.

பதிவுகளை மேகத்தில் வைக்கலாம்,
மாதக் கட்டணம் குறைவுதான் என்றேன்.
ஜன்னல் பக்கம் தாடையை நீட்டினார்:
"இந்த ஊர் மேகம் எதையாவது
கையில் வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறாயா?"

ஆகவே ஒரு கறுப்புப் பெட்டி,
உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க்,
சமையலறை அலமாரியில்
மாவு டப்பாவுக்கும் பிளம் ஜாமுக்கும் நடுவே.
ஓடத் தொடங்கியதும்
ஃபிரிட்ஜோடு சுருதி சேர்ந்துகொண்டது.

கேமராவுக்குக் கொட்டகை என்றே பெயர் வைத்தேன்.
ஒரு ஃபோல்டர். ஒரு பாஸ்வேர்டு,
விற்றுவிட்ட படகின் எண்.
இணைப்பு மறுக்கப்பட்டது.
மறுபடியும் மறுக்கப்பட்டது.
பூஜ்ஜியத்தை ஓ என்று அடித்திருக்கிறேன்.
பிறகு அனுமதிகள்:
எழுதலாம். அழிக்கக் கூடாது.
நாளைக்கே ஒருவன் கேமராவைப் பிடுங்கிப் போனாலும்
கண்டதெல்லாம் வீட்டுக்குள் இருக்கும் என்று விளக்கினேன்.
"அழுத்தமான சாட்சி," என்றார் அண்ணாந்து பார்த்து.
"சொன்ன சொல்லைத் திரும்ப வாங்காது."

ஒன்பதே நாளில் இடம் நிறைந்துவிட்டது.
அத்தனையும் மழை.
ஒவ்வொரு சரத்தையும் ஆளென்று நினைத்து
ஓடி ஓடி எழுதியிருக்கிறது,
இரவுக்கு ஆயிரத்து நானூறு கோப்பு.
ஒன்றில் பூனை.
ஒன்றில் ஒயார்சூனேதான்,
நீள உள்ளாடையும் டார்ச்சுமாக,
திருடன் வந்தானா என்று பார்க்க வந்தவர்.
உணர்திறனைக் குறைத்தேன்.
மழை ஆள் அல்ல என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க
ஒரு பகல் முழுதும் போயிற்று.

மறு வியாழன் போன் செய்தார்.
"வா."
அவ்வளவுதான்.

திரையில் 03:12.
உரச் சாக்கைத் தலையில் கவிழ்த்த சாம்பல் உருவம்.
நான்கு கட்டை எடுத்தது.
ஐந்தாவதைத் தூக்கி,
கனம் பார்த்து, திரும்ப வைத்தது.
திரும்பும்போது கண்ணிரண்டும் வெள்ளையாய் மின்ன
எதிர்வீட்டு ரொசால்பா.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை.
மே மாதம் முதல் அதுவும் இல்லை.

போலீஸ் எண் கேட்பாரென்று
போனைக் கையில் எடுத்து வைத்திருந்தேன்.
மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார்.
"ஓரத்துக் கட்டையை எடுக்கிறாள்," என்றார்.
"சாரல் அடிக்கிற ஓரம். எல்லாம் ஈரம்.
வீடு பூராவும் புகைதானே வரும் அவளுக்கு."

அன்று மாலையே அடுக்கை மாற்றினோம்.
காய்ந்த உல்மோ வாசலருகே,
ஈரமெல்லாம் உள்சுவரோடு.
உள்ளங்கையில் எனக்குச் சிராய்ப்பு.
கூலி நானும் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை.

அதை அழித்துவிடு என்றார் பிறகு.
என் கணக்கில் நுழைந்து அழித்தேன்.
"நாளைக்கு மறுபடி எழுதுமே?"
எழுதும்.
அதற்கு வேறென்ன தெரியும்.

அட்டவணையைத் திறந்து காட்டினேன்.
ஏழு நாள், இருபத்துநான்கு மணி,
நூற்று அறுபத்தெட்டு நீலக் கட்டங்கள்.
மூன்று மணி வரிசையை
மேலிருந்து கீழே கட்டைவிரலால் தேய்த்தார்,
கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைப்பதுபோல்.
ஏழும் வெளுத்தன.
"நேரம் தவறாதவள் அவள்," என்றார்.

தினமும் காலையில் அந்தப் பெட்டி
எனக்கும் ஓர் அறிக்கை அனுப்புகிறது.
நிறுத்த மறந்திருக்கிறேன்.
டிஸ்க் நலம். வெப்பநிலை நலம்.
கொட்டகை: ஒரு மணி நேரம் காணவில்லை,
சரிபார்க்கவும்.

காபி ஆறும்வரை அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
வண்டியில் ஏணியை ஏற்றுகிறேன்.