மகரகம

இருபத்தொரு வருஷம்
138இன் மிதிபலகையில் தொங்கியபடி
"நுகேகொட, தெல்கந்த, மகரகம" என்று கத்திய குரல்.
ஆஸ்பத்திரி வாசலில் இறங்குகிறவர்களின்
முகத்தை அவர் பார்த்ததில்லை.
மிச்சக் காசைத்தான் பார்த்தாராம்.

இப்போது நாங்களும் அங்கே இறங்குகிறோம்.

வெற்றிலை? இல்லை.
சிகரெட்? இல்லை.
டொக்டர் ஒரு வைரஸின் பெயரைச் சொன்னார்,
எப்படித் தொற்றும் என்பதையும், குரலைத் தாழ்த்தி.
எப்போது வந்ததோ, யாரிடமிருந்தோ,
கலியாணத்துக்கு முன்போ பின்போ,
எந்தச் சோதனையும் சொல்லாதாம்.

நான் கேட்கவில்லை.
கேட்டாலும், பதில் வரவேண்டிய இடத்தில்தான் கட்டி.

போன தவணை
மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஊசி போட
படிவத்தில் கையெழுத்து வைத்தவர் அவர்தான்.
வாசிக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

புதன்கிழமை கொட்டாஞ்சேனை கிளினிக்கில்
"புவிராணி" என்று கூப்பிட்டார்கள்.
முழங்கால் மடக்கிக் கூரையைப் பார்த்துக் கிடந்தேன்.
ஒரு சின்னத் தூரிகை. ஒரு கண்ணாடித் துண்டு.
அதில் பென்சிலால் என் இலக்கம்.
முடிவு வர ஆறு கிழமை.

திரும்பும் பஸ்ஸில் புதுப் பையன்
தெல்கந்தயை விட்டுவிட்டுக் கத்துகிறான்.
ஜன்னலோரம் இவருடைய உதடு
ஒருமுறை அசைகிறது.