ஒன்பது நொடி

படகு நேரம் சொல்லும் பக்கம்,
திறக்க ஒன்பது நொடி.
வட்டம் சுற்றி முடிப்பதற்குள்
கால்சோய் தீவின் படகு
துறையை விட்டுப் போயிருக்கும்.

விலைக்கு வாங்கிய டெம்ப்ளேட்டை
ரன்வா பிரித்துப் பார்த்தாள்.
உள்ளே ஒரு கல்யாணமே நடந்துகொண்டிருந்தது:
முகூர்த்தத்துக்கு நாள் எண்ணும் கடிகாரம்,
யாரும் நிரப்பாத கூடை,
பதினொரு எழுத்துருக்கள்.
ஆட்களைவிட ஆடுகள் அதிகமான தீவுக்கு!

அழித்தாள்.
காப்பி ஆறிப்போனது.
இன்னும் அழித்தாள்.

ஒரு வரியின் தலையில்
எவனோ விட்டுப்போன குறிப்பு:
'இதைத் தொட்டால் எல்லாம் சரியும்.
ஏனென்று தெரியாது.'
மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள்.
எதுவும் சரியவில்லை.
அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

விடிகாலை, துறையில்,
மழைக்கோட்டுக்குள் யாரோ
விரலால் தொட்டதும் திறந்துகொண்டது:
காற்று பலம்.
இன்று படகு இல்லை.